கார் கொட்டகையில் ஒரு கடைசல் பட்டறை

கவிதையும் சிறுகதையும் படிக்க வருகிற இடத்தில் இரும்பு, எண்ணெய், துரு என்று எழுத வந்திருப்பதற்கு முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ஆனாலும் ஒரு சமாதானம் உண்டு. 'கடைதல்' என்ற நம் சொல்லுக்கு அகராதியில் இரண்டு பொருள் இருக்கிறது. ஒன்று தயிர் கடைவது. இன்னொன்று மரத்தையோ உலோகத்தையோ சுழலவிட்டுச் சீவி உருட்டுவது. பழைய கடைசல்காரர்கள் உருளையில் கயிற்றைச் சுற்றி முன்னும் பின்னும் இழுத்துத்தான் மரத்தைச் சுழற்றினார்கள். மத்தில் கயிறு சுற்றி இழுப்பதும் அதே அசைவுதான். ஒரே சொல் இரண்டு வேலைக்கும் வந்ததற்கு அதுவே காரணமாக இருக்க வேண்டும் என்று தோன்றுகிறது. ஆகவே இதையும் சொல்லாராய்ச்சி என்று எண்ணிக்கொண்டு படிக்கத் தொடங்கலாம்.

நான் எந்திரவியலில் முதுகலை வரை படித்துவிட்டு, மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவன். என் ஆய்வேட்டில் உலோகத்தை வெட்டும்போது உண்டாகும் வெப்பத்தைப் பற்றி எண்பது பக்கம் இருக்கிறது. அதை எழுதி முடிக்கும்வரை ஒரு லேத்தைக்கூட நான் தனியாக ஓட்டியதில்லை. என் தாய்மாமா பள்ளிப்படிப்பைத் தாண்டாதவர். கோயமுத்தூரில் ஒற்றை லேத் வைத்து, பம்பு செட்டுகளுக்கு ஷாஃப்ட் கடைந்து கொடுத்துக்கொண்டிருந்தார். 2008க்குப் பிறகு தமிழ்நாட்டை வாட்டிய மின்வெட்டில் சிறு பட்டறைகள் பட்டபாடு பலருக்கு நினைவிருக்கும். ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்றிக் கட்டுப்படியாகாமல் 2012இல் மாமா பட்டறையை மூடினார். லேத்தை எடைக்குப் போட்டார். அந்த மாதம் நான் இங்கே அமெரிக்காவில் ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்தேன். தொலைபேசியில் செய்தியைக் கேட்டு "அப்படியா மாமா" என்று சொன்னதோடு சரி.

இப்போது மிச்சிகனில், கார் நிற்க வேண்டிய இடத்தில், என்னிடம் ஒரு பழைய லேத் நிற்கிறது. கார் வெளியே பனியில் நிற்கிறது. ஐந்து வருடங்களில் நான் செய்த தவறுகளையும், அவற்றிலிருந்து தெரிந்துகொண்டதையும் கீழே எழுதுகிறேன். இந்த ஆசை உள்ள வேறு யாருக்காவது பணமும் விரலும் மிச்சமாகட்டும்.

எதை வாங்குவது?

புதிதாக வருகிற சிறிய மேசை லேத் வாங்கலாம். இல்லையென்றால் பழைய கனமான லேத் வாங்கலாம். நான் வாங்கியது சவுத் பெண்ட் 9 அங்குல லேத். இந்தியானா மாநிலத்தின் சவுத் பெண்ட் ஊரில் 1906இல் இரட்டைச் சகோதரர்கள் தொடங்கிய கம்பெனியின் தயாரிப்பு இது. பள்ளிக்கூடங்களுக்கும் சிறு பட்டறைகளுக்கும் ஏராளமாக விற்றார்கள். அதனால் உதிரிப் பாகங்கள் இன்றும் பழைய சாமான் சந்தையில் கிடைக்கின்றன. கார்த் தொழிற்சாலைகள் நிறைந்த இந்தப் பகுதியில், ஓய்வு பெற்ற டர்னர்கள் வீட்டைக் காலி செய்யும்போது இப்படி ஒன்று வெளியே வரும்.

பழைய லேத்தைப் பார்க்கப் போகும்போது வண்ணப்பூச்சைப் பார்க்காதீர்கள். பார்க்க வேண்டியவை வேறு. முதலாவது பெட். சக்குக்கு அருகில் உள்ள பகுதியில்தான் பெரும்பாலான வேலை நடந்திருக்கும், தேய்மானமும் அங்கேதான் இருக்கும். கேரியேஜ் ஓடும் வழியின் ஓரத்தில் நகத்தால் தடவுங்கள். படி போலத் தட்டுப்பட்டால் தேய்ந்திருக்கிறது என்று பொருள். இரண்டாவது பல்சக்கரங்கள். குறிப்பாக, வேகத்தைக் குறைக்கும் பேக் கியர். இறுகிப்போன சக்கைக் கழற்ற, பேக் கியரைப் பூட்டிவிட்டு ஓங்கித் தட்டுகிற கெட்ட பழக்கம் எல்லா ஊரிலும் உண்டு. பற்கள் உடைவது அப்படித்தான். மூன்றாவது ஸ்பிண்டில். சக்கில் ஒரு கம்பியைப் பிடித்து மேலும் கீழும் நெம்பிப் பாருங்கள். டயல் கேஜ் இருந்தால் அசைவை அளந்துவிடலாம். நான்காவது, கூடவே என்னென்ன கொடுக்கிறார்கள் என்பது. மூன்று தாடை சக், நான்கு தாடை சக், மாற்றுப் பல்சக்கரங்கள், சென்டர்கள் ஆகியவற்றைத் தனித்தனியாக வாங்கினால் லேத் விலையைத் தாண்டிவிடும். நான் பேரம் பேசி நூறு டாலர் குறைத்தேன். நான்கு தாடை சக்கைக் கேட்க மறந்தேன். அந்த நூறு டாலர் இரண்டு மடங்காகத் திரும்பப் போனது.

கொண்டு வருவது எப்படி?

இந்தச் சிறிய லேத்தே ஏறக்குறைய 200 கிலோ இருக்கும். எடை முழுவதும் ஹெட்ஸ்டாக் பக்கம் குவிந்திருக்கும். அடிப்பகுதி குறுகலானது. நான்கு நண்பர்களைக் கூப்பிட்டு "ஒரு கை பிடி" என்று தூக்குகிற சாமான் இல்லை இது. கார் எஞ்சின் தூக்கும் சிறிய கிரேன் வாடகைக்குக் கிடைக்கும். டெயில்ஸ்டாக்கையும் மோட்டாரையும் முதலில் கழற்றிவிடுங்கள். கேரியேஜை டெயில்ஸ்டாக் முனைக்குத் தள்ளினால் எடை ஓரளவு சமனாகும். துணிப்பட்டையை பெட்டைச் சுற்றிப் போடும்போது, முன்னால் ஓடும் லீட் ஸ்க்ரூவின் மேல் அது அழுத்தாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அது வளைந்தால் மரை வெட்டும் ஆசையை விட்டுவிடலாம். தூக்கியபின் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்திலேயே நகர்த்துங்கள். உயரத் தூக்கி நகர்த்தினால் கவிழும்.

மின்சாரத்தையும் முன்கூட்டியே யோசித்து வையுங்கள். தொழிற்சாலையிலிருந்து வருகிற எந்திரங்களில் பெரும்பாலும் மூன்று ஃபேஸ் மோட்டார் இருக்கும். இங்கே வீடுகளுக்கு வருவது ஒற்றை ஃபேஸ். அதற்காக எந்திரத்தை வேண்டாம் என்று சொல்ல வேண்டியதில்லை. ஒற்றை ஃபேஸை வாங்கி மூன்று ஃபேஸாகத் தருகிற, வேகத்தையும் மாற்றித் தருகிற மின்னணுப் பெட்டி ஒன்று இருக்கிறது. வி.எஃப்.டி. என்பார்கள். அதை மோட்டாருக்கு நேராக இணைக்க வேண்டும். நடுவே சுவிட்ச் வைத்து ஓட்டத்தில் துண்டித்தால் பெட்டி பழுதாகும். மின் இணைப்பை உரிமம் பெற்ற மின்பணியாளரிடம் விட்டுவிடுங்கள்.

மட்டம் பார்ப்பது என்றால் என்ன?

அமெரிக்கக் கார் கொட்டகைகளின் தரை, தண்ணீர் வடிவதற்காகக் கதவுப் பக்கம் சற்றுச் சரிவாக இருக்கும். அதில் லேத்தை அப்படியே நிறுத்திவிட்டு முதல் கம்பியைக் கடைந்தேன். ஒரு முனை பருத்தும் மறுமுனை சிறுத்தும் வந்தது. கொத்தனார் ரசமட்டத்தை வைத்துப் பார்த்தேன், குமிழி நடுவில்தான் நின்றது. என்ன தவறு என்று புரியவில்லை.

மாமாவைக் கூப்பிட்டுக் கேட்டேன். "மாப்ளே, மட்டத்த விடுங்க. பெட்டு முறுக்கிக்கிட்டு நிக்குதான்னு பாருங்க" என்றார்.

விஷயம் இதுதான். லேத் பூமிக்கு மட்டமாக இருக்க வேண்டும் என்று கட்டாயம் எதுவும் இல்லை. அலையில் ஆடுகிற கப்பல்களிலும் லேத் ஓடுகிறது. ஆனால் பெட் முறுக்கில்லாமல் இருக்க வேண்டும். வார்ப்பிரும்பு நமக்குக் கல் மாதிரித் தெரிந்தாலும், நான்கு காலில் ஒன்று தூக்கலாக இருந்தால் பிழிந்த துணி போலக் கொஞ்சம் முறுக்கிக்கொள்ளும். அந்த முறுக்கு நேராகக் கம்பியின் விட்டத்தில் வந்து நிற்கும். பட்டறை ரசமட்டம் ஓர் அடி நீளத்துக்கு 0.0005 அங்குல உயர வேறுபாட்டைக்கூடக் காட்டும். கொத்தனார் மட்டத்துக்கு அது தெரியவே தெரியாது. பட்டறை மட்டத்தை பெட்டின் குறுக்கே, முதலில் ஹெட்ஸ்டாக் முனையிலும் பிறகு டெயில்ஸ்டாக் முனையிலும் வைத்துப் பார்க்க வேண்டும். குமிழி நடுவில் நிற்பது முக்கியமில்லை. இரண்டு இடத்திலும் ஒரே இடத்தில் நிற்பதுதான் முக்கியம்.

மட்டம் விலை அதிகம் என்றால் லேத்தையே அளவுகோலாக்கலாம். ஓர் அங்குலத்துக்குக் குறையாத விட்டமுள்ள கம்பியைச் சக்கில் பிடித்து, ஐந்தாறு அங்குலம் வெளியே நீட்டுங்கள். மறுமுனைக்குத் தாங்கல் வேண்டாம். இரு முனைகளிலும் வளையம் போல மேடு விட்டு, நடுப்பகுதியைக் கொஞ்சம் தாழ்த்திக் கடையுங்கள். பிறகு குறுக்குக் கைப்பிடியைத் தொடாமல், இரண்டு மேட்டையும் ஒரே அமைப்பில் மெல்லச் சீவுங்கள். மைக்ரோமீட்டரால் இரண்டையும் அளந்து பாருங்கள். டெயில்ஸ்டாக் பக்க மேடு பருமனாக இருந்தால், அந்த முனையில் உங்கள் பக்கத்துக் காலை மிகச் சிறிது உயர்த்த வேண்டும். சிறுத்திருந்தால் தாழ்த்த வேண்டும். திரும்பச் சீவுங்கள், திரும்ப அளங்கள். எனக்கு மூன்று சனிக்கிழமைகள் ஆயின. கடைசியில் காலுக்கு அடியில் போனது, குளிர்பானக் குப்பியை வெட்டி எடுத்த மெல்லிய தகடு!

துரு: நிஜமான எதிரி

முதல் குளிர்காலம் நல்லபடியாகப் போனது. மார்ச் மாதம் ஒரு நாள் காலையில் கதவைத் திறந்தால், லேத் முழுவதும் வியர்த்திருந்தது. இரண்டு நாளில் செம்மண் பூசியது போலத் துரு.

காரணம் எளிது. இரவெல்லாம் உறைநிலையில் கிடந்த 200 கிலோ இரும்பு அவ்வளவு சீக்கிரம் சூடாகாது. தெற்கிலிருந்து ஈரமான வெப்பக் காற்று வரும்போது, காற்று சூடாகவும் இரும்பு குளிராகவும் இருக்கும். இரும்பின் வெப்பநிலை காற்றின் பனிப்புள்ளிக்குக் கீழே இருந்தால் நீர் படியும். குளிர்ந்த மோர்ச் செம்பின் வெளிப்புறம் வியர்ப்பதும் இதே கதைதான். எனவே காற்றைச் சூடாக்குவதைவிட, இரும்பைக் காற்றைவிட இரண்டு மூன்று டிகிரி சூடாக வைத்திருப்பதே வழி. எஞ்சின் எண்ணெயைச் சூடாக்க விற்கிற ஒட்டுப் பட்டை போன்ற குறைந்த வாட் ஹீட்டர் ஒன்றை பெட்டுக்கு அடியில் வைத்து, மேலே பருத்திப் போர்வை போர்த்துங்கள். பிளாஸ்டிக் உறை வேண்டாம். அது ஈரத்தை உள்ளேயே பிடித்து வைத்துக்கொள்ளும்.

குளிருக்காகப் புகைபோக்கி இல்லாத கேஸ் அடுப்பை ஏற்றி வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். வேண்டாம். ஒரு கிலோ புரோப்பேன் எரிந்தால் ஏறக்குறைய 1.6 கிலோ நீராவி வெளியாகிறது. அந்த நீர் போய் உட்காருகிற இடம் உங்கள் லேத்தான். கார்பன் மோனாக்சைடு அபாயம் இதற்கெல்லாம் மேலே.

இன்னும் இரண்டு எதிரிகள் உண்டு. ஒன்று, பனிக்காலச் சாலையில் தூவுகிற உப்பு. கார் அதை அடியில் ஒட்டிக்கொண்டு கொட்டகைக்குள் கொண்டுவரும். என் கார் வெளியே நிற்பதன் உண்மையான காரணம் இதுதான், மனைவி நம்பாவிட்டாலும். மற்றது, சிமெண்டுத் தரை கழுவ வாங்கி வைக்கிற ஹைட்ரோகுளோரிக் அமிலம். மூடி இறுக்கமாக இருந்தாலும் அதன் ஆவி கசிந்து, அறையில் உள்ள அத்தனை இரும்பையும் தின்றுவிடும். அதைக் கொட்டகையில் வைக்கவே கூடாது.

எண்ணெய் எங்கே, எது?

எண்ணெய் எல்லாம் ஒன்று என்று நினைத்திருந்தேன். இல்லை. பெட்டின் வழிகளுக்கு, ஒட்டிக்கொண்டு நிற்கிற 'வே ஆயில்', ஐ.எஸ்.ஓ. 68 தரம். என் மாதிரி லேத்தில் ஸ்பிண்டில் உருளைத் தாங்கிகளில் ஓடுவதில்லை. வார்ப்பிரும்புத் துளைக்குள்ளேயே மெல்லிய எண்ணெய்ப் படலத்தின் மேல் மிதந்து ஓடுகிறது. அதற்கு ஐ.எஸ்.ஓ. 22 போன்ற மெல்லிய ஸ்பிண்டில் எண்ணெய்தான் வேண்டும். கெட்டியான எண்ணெய் ஊற்றினால் இடுக்கில் புகாமல் சூடேறும். அந்த எண்ணெயை மேலே கொண்டுபோவது உள்ளே இருக்கிற கம்பளித் திரி. நம் அகல்விளக்குத் திரி செய்கிற அதே வேலை. பல பத்தாண்டு கழித்து வாங்கிய எந்திரத்தில் அந்தத் திரி காய்ந்து கட்டையாகியிருக்கும். வாங்கியவுடன் ஸ்பிண்டிலைக் கழற்றித் திரியை மாற்றிவிட்டுத்தான் ஓட்ட வேண்டும். டபிள்யூ.டி-40 ஈரத்தை விரட்ட உருவான திரவம். துடைக்கப் பயன்படுத்துங்கள், மசகெண்ணெய்க்குப் பதிலாக வேண்டாம்.

சீவல்களைக் காற்றுக் குழாயால் ஊதித் தள்ளாதீர்கள். அவை வழிகளுக்கு அடியில் புகுந்து உப்புத்தாள் மாதிரித் தேய்க்கும். தூரிகை போதும். உப்புத்தாள் போட நேர்ந்தால், பெட்டின் மேல் காகிதம் விரித்துவிட்டுச் செய்யுங்கள். பழைய வண்ணப்பூச்சைச் சுரண்டும்போதும் கவனம் தேவை. அந்தக் காலத்துப் பூச்சுகளில் ஈயம் இருக்கக்கூடும். உலர்வாகத் தேய்த்துத் தூசி கிளப்பக் கூடாது, வீட்டில் குழந்தைகள் இருந்தால் அறவே கூடாது.

வேகமும் கூர்மையும்

லேத்தை எவ்வளவு வேகத்தில் ஓட்டுவது என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு போதும். நிமிடத்துக்கு இத்தனை மீட்டர் என்ற வெட்டு வேகத்தை 320ஆல் பெருக்கி, கம்பியின் விட்டத்தால் (மில்லிமீட்டரில்) வகுத்தால் சுற்று எண்ணிக்கை வரும். சாதா இரும்புக்கு, ஹைஸ்பீட் ஸ்டீல் டூல் வைத்து, நிமிடத்துக்கு 30 மீட்டர். 25 மில்லிமீட்டர் கம்பி என்றால் 384, அதாவது 400க்குள். அலுமினியத்துக்கு அதைப்போல மூன்று மடங்கு போகலாம். வார்ப்பிரும்புக்கு அதற்கும் கீழே.

டூலின் முனை, கம்பியின் மையத்தின் உயரத்தில் இருக்க வேண்டும். இதற்கு ஓர் எளிய சோதனை உண்டு. எந்திரத்தை நிறுத்தி, டூல் முனைக்கும் கம்பிக்கும் நடுவே மெல்லிய எஃகு அளவுகோலை மெதுவாக அழுத்துங்கள். அளவுகோல் செங்குத்தாக நின்றால் உயரம் சரி. மேல்முனை உங்கள் பக்கம் சாய்ந்தால் டூல் தாழ்ந்திருக்கிறது. எதிர்ப்பக்கம் சாய்ந்தால் உயர்ந்திருக்கிறது.

டூல் தீட்டக் கற்றுக்கொள்வதைத் தள்ளிப்போடாதீர்கள். கால் அங்குலச் சதுரத் துண்டும் ஒரு சாதாரண கிரைண்டரும் போதும். அந்தக் கல்லில் அலுமினியத்தை மட்டும் தீட்டாதீர்கள், கல்லின் கண் அடைத்துக்கொள்ளும். என் ஆய்வேட்டில் வெட்டுக்கோணங்களுக்கு ஒரு முழு அத்தியாயம் உண்டு. ஆனால் நான் தீட்டிய முதல் டூலைக் காணொளியில் பார்த்த மாமா, "இது கரண்டி, மாப்ளே" என்றார்.

அளப்பது

நம் ஊர்த் தச்சர்கள் அங்குலத்தை எட்டாகப் பிரித்து ஒன்றை ஒரு 'நூல்' என்பார்கள். இங்கே அங்குலத்தை ஆயிரமாகப் பிரிக்கிறோம். ஒரு தலைமுடியின் கனம் அதில் ஏறக்குறைய மூன்று பங்கு. இந்த அளவுக்கு இறங்கும்போது வெப்பமும் கணக்கில் வந்துவிடும். எஃகு, மீட்டருக்கு டிகிரிக்கு 11 அல்லது 12 மைக்ரான் விரியும். 50 மில்லிமீட்டர் கம்பி கடையும்போது 40 டிகிரி சூடேறினால், விட்டம் ஆயிரத்தில் ஒரு பங்கு அங்குலம் கூடத் தெரியும். சுடச்சுட அளந்து "சரியாக வந்துவிட்டது" என்று எழுந்து போனால், ஆறியபின் சிறுத்திருக்கும். சீவலைத் திரும்ப ஒட்ட முடியாது. ஆற விட்டு அளங்கள். கைப்பிடித் திருகில் சற்றுத் தளர்வு எப்போதும் இருக்கும். ஆகவே அளவுக்கு எப்போதும் ஒரே திசையில் திருப்பி வந்து நிறுத்துங்கள். தாண்டிவிட்டால் நன்றாகப் பின்னால் போய்விட்டு மறுபடி வாருங்கள்.

127 என்ற எண்

மென்பொருள்காரனான எனக்கு இந்த எந்திரத்தில் மிகப் பிடித்த பாகம் 127 பற்கள் உள்ள ஒரு சக்கரம். அங்குல அளவில் செய்த லேத்தில் மில்லிமீட்டர் மரை வெட்ட முடியுமா? 1959இல் ஓர் அங்குலம் என்பது சரியாக 25.4 மில்லிமீட்டர் என்று ஆங்கிலம் பேசும் நாடுகள் உடன்பட்டன. 25.4 என்பதை 127/5 என்று எழுதலாம். 127 ஒரு பகா எண், அதற்கு மேல் உடைக்க முடியாது. என் லேத்தின் லீட் ஸ்க்ரூவில் அங்குலத்துக்கு 8 மரை. ஒரு மில்லிமீட்டர் மரை வேண்டுமென்றால் ஸ்பிண்டிலுக்கும் லீட் ஸ்க்ரூவுக்கும் இடையில் 40க்கு 127 என்ற விகிதம் வேண்டும். தோராயம் எதுவும் இல்லை, அச்சொட்டாகப் பொருந்தும். பகா எண் என்பதால்தான் 127 பற்களே வேண்டியிருக்கிறது.

அந்தப் பெரிய சக்கரம் கிடைக்கவில்லை என்றால், 100க்கு 127 என்ற ஜோடிக்குப் பதிலாக 63க்கு 80 போடலாம். பிழை 0.0125 சதவீதம்தான். 100 மில்லிமீட்டர் நீளத்தில் 0.0125 மில்லிமீட்டர். சாதாரண மரையாணிக்கு இது தாராளம். தசம எண்களைக் கணினி எப்படித் தோராயமாக வைத்துக்கொள்கிறது என்று தினமும் மல்லாடுகிறவனுக்கு, பற்களால் ஆன இந்தப் பின்னம் ஒரு பெரிய ஆறுதல்.

விரல்களைப் பற்றி

மாமாவின் இடது ஆள்காட்டி விரலில் முதல் கணு கிடையாது. சிறுவயதில் அதைப் பார்த்து பயந்திருக்கிறேன். எப்படிப் போனது என்று கேட்டால் "அவசரம்" என்று ஒரு சொல்தான் சொல்வார். இந்த லேத் வாங்கிய பிறகுதான் முழுக்கதையையும் சொன்னார். ஓடுகிற கம்பியைப் பனியன் வேஸ்ட் துணியால் துடைத்திருக்கிறார். துணியின் நூல் சக்கில் சிக்கியது. துணியை விடக் கைக்கு நேரம் கிடைக்கவில்லை.

ஆகவே விதிகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சுழல்கிற எதன் அருகிலும் துணி கூடாது, கையுறையும் கூடாது. கையுறை கையைக் காப்பாற்றாது, கையை உள்ளே இழுத்துக் கொடுக்கும். மோதிரம், சங்கிலி, கடிகாரம், அலுவலகத்தில் கழுத்தில் தொங்குகிற அடையாள அட்டை எல்லாவற்றையும் கழற்றி வையுங்கள். முழுக்கை சட்டை, துப்பட்டா, வேட்டி எதுவும் வேண்டாம். முடியை இறுகக் கட்டி மறைக்க வேண்டும். 2011 ஏப்ரலில் யேல் பல்கலைக்கழகத்தின் பட்டறையில், இரவில் தனியாக வேலை செய்துகொண்டிருந்த மாணவி ஒருவரின் முடி லேத்தில் சிக்கி அவர் உயிரிழந்தார். படிப்பை முடிக்கச் சில வாரங்களே இருந்த நிலை. அதை எண்ணித்தான், வீட்டில் யாரும் இல்லாதபோது நான் லேத்தைத் தொடுவதில்லை.

கண்ணாடி எப்போதும். சுருண்டு வருகிற நீளச் சீவல் கத்தி போல அறுக்கும். எந்திரத்தை நிறுத்திவிட்டுக் குறடால் எடுங்கள். ஸ்பிண்டில் மரையில் திருகி நிற்கும் சக் என்றால், பின்னோக்கி ஓட்டி வெட்டக் கூடாது, கழன்று மடியில் விழும். மின்சாரம் போய்த் திரும்ப வரும்போது எந்திரம் தானாக ஓடாத வகை சுவிட்சைப் பொருத்துங்கள். பழைய குழல்விளக்குகள் கண்ணுக்குத் தெரியாமல் மின்னி அணைவதால், ஓடுகிற சக்கை நிற்பது போலக் காட்டக்கூடும். தரமான எல்.இ.டி. விளக்காக மாற்றிவிடுங்கள்.

கடைசியாக, சக் சாவி. சக்கில் சாவி இருக்கும்போது அதிலிருந்து கையை எடுக்கவே கூடாது என்பது உலகம் முழுக்க முதல் பாடம். எனக்கும் தெரியும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது. சாவியைச் சக்கிலேயே விட்டுவிட்டுப் பேசினேன். என் மகள் வந்து நின்று எதையோ கேட்டுவிட்டு உள்ளே போனாள். பேசி முடித்து சுவிட்சைப் போட்டேன். சாவி பறந்து போய்ச் சுவரில் ஒரு பள்ளம் வெட்டியது. அவள் நின்ற இடத்துக்கு நேர் பின்னால், அவள் தலை உயரத்தில். அன்று முழுவதும் லேத்தைத் தொடவில்லை. யாரிடமும் சொல்லவும் இல்லை. மறுவாரம் மாமாவிடம் மட்டும் சொன்னேன். அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "பேசறதுன்னா பேசுங்க, கடையறதுன்னா கடைங்க" என்றார். சுவரின் அந்தப் பள்ளத்தை நான் இன்னும் பூசவில்லை. கொட்டகையில் இப்போது தொலைபேசிக்கு இடமில்லை. மகள் நிற்க வேண்டிய எல்லையைத் தரையில் மஞ்சள் பட்டையால் குறித்திருக்கிறேன். கண்ணாடி அணிந்துகொண்டு அதற்குப் பின்னால்தான் நிற்பாள்.

பராமரிப்பு நாட்காட்டி

வேலை முடிந்த ஒவ்வொரு முறையும் சீவலைத் துடைத்து, வழிகளில் எண்ணெய் பூசி, போர்வை போர்த்துங்கள். வெறுங்கை பட்ட இடத்தை மறக்காதீர்கள், வியர்வைக்குத் துரு மறுநாளே தெரியும். தொடங்கும் ஒவ்வொரு முறையும் எல்லா எண்ணெய்க் கிண்ணங்களையும் நிரப்புங்கள். மாதம் ஒருமுறை பெல்ட்டின் இறுக்கத்தையும் பல்சக்கரங்களையும் பாருங்கள். பருவம் மாறும்போதெல்லாம் இரு வளையச் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். பனியில் தரை உப்பி அமுங்குவதால் அளவு மாறியிருக்கும்.

வருடாந்திர வேலைக்கு நாள் குறிக்க நான் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. ஆயுத பூஜை. கோயமுத்தூர்ப் பட்டறைகளில் அன்று லேத் ஓடாது. முதல்நாளே பிரித்து, மண்ணெண்ணெயில் கழுவி, கேரியேஜுக்கு அடியில் ஒரு வருடமாகச் சேர்ந்த கசடை வழித்து, தளர்ந்ததை இறுக்கி, எண்ணெய் போட்டு நிறுத்துவார்கள். அதற்குப் பிறகுதான் சந்தனமும் குங்குமமும். பக்தி இருக்கிறதோ இல்லையோ, அதைவிட நல்ல பராமரிப்புத் திட்டத்தை எந்த மேலாண்மைப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை. மண்ணெண்ணெயைக் கதவைத் திறந்து வைத்து, நெருப்பில்லாமல் பயன்படுத்த வேண்டும் என்பதை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

உருப்படியாக நான் முதலில் கடைந்தது பித்தளையில் ஒரு பம்பரம். நாலு மணி நேரம் ஆயிற்று. கடையில் வாங்கியிருந்தால் இரண்டு டாலர் இருக்கும். மகள் அதைச் சமையலறைத் தரையில் விட்டாள். கொஞ்சம் தள்ளாடியது. காணொளியில் பார்த்துக்கொண்டிருந்த மாமா, மையம் தப்பியிருக்கிறது என்றும், மூன்று தாடை சக்கை நம்பக்கூடாது என்றும், நான்கு தாடையில் டயல் வைத்துப் பிடித்திருக்க வேண்டும் என்றும் பத்து நிமிடம் விளக்கினார். பட்டறையை மூடியபின் அவர் இவ்வளவு நேரம் பேசி நான் கேட்டதில்லை. லேத் வாங்கியதன் லாப நஷ்டக் கணக்கை என் மனைவி கேட்கும்போதெல்லாம் வரவுப் பக்கத்தில் நான் எழுதுவது அந்தப் பத்து நிமிடத்தைத்தான்.

இரண்டாவது பம்பரம் தள்ளாடவில்லை.